வாசலில் வண்டி இல்லாத வீடு

எங்கள் வீட்டுக்கு முதன்முறையாக வருகிறவர்கள் உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்பார்கள்; அடுத்ததாக, "உங்கள் காரை எங்கே நிறுத்துகிறீர்கள்?" என்று கேட்பார்கள். பழவங்காடியின் நெருக்கத்தில் வண்டியை விட இடம் தேடி மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வந்தவர்களின் கேள்வி அது. எங்களிடம் கார் இல்லை என்று சொன்னால் சிறிது நேரம் பேச்சு நின்றுவிடும். கடன் ஏதேனும் இருக்குமோ, கண்பார்வையில் குறையோ என்று அவர்கள் மனத்துக்குள் எண்ணுவது முகத்தில் தெரியும். "வேண்டாம் என்று வைத்திருக்கிறோம்" என்னும் விடையை நம்புகிறவர்கள் குறைவு.

திருவனந்தபுரம் கைக்கடக்கமான நகரமாக இருந்த காலம் ஒன்று உண்டு. கோட்டையும் பத்மநாப சுவாமி கோவிலும் சாலைக் கம்போளமும் தம்பானூர் ரயில் நிலையமும் ஒன்றிலிருந்து ஒன்று நடை தூரத்தில் அமைந்தவை. இன்று நகரம் கழக்கூட்டம் வரை நீண்டுவிட்டது. 1990-இல் தொடங்கப்பெற்ற டெக்னோபார்க் இங்கிருந்து ஏறத்தாழ 17 கிலோமீட்டர். மருத்துவக் கல்லூரி ஒரு திசை, விமான நிலையம் இன்னொரு திசை. மேடும் பள்ளமுமான பாதைகளின் ஓரமெல்லாம் வீடுகள் பரவிவிட்டன. அவற்றின் முற்றங்களில் துளசி மாடம் இருந்த இடத்தில் இப்போது கார் நிற்கிறது. இத்தகைய நகரத்தில் கார் இல்லாமல் வாழ முடியுமா என்பதைப் பத்தாண்டுகளுக்கு மேலான அனுபவத்திலிருந்து சொல்ல முயல்கிறோம். முடியும் என்பதே எங்கள் கருத்து. ஆயினும் அந்தக் கருத்தோடு சில நிபந்தனைகள் ஒட்டியிருக்கின்றன. அவற்றை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

விற்றது எப்படி?

எங்களிடமும் ஒரு சிறிய கார் இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் வெளியே போகும். மற்ற ஐந்து நாள் வாடகைக் கொட்டகையில் தூசி படிந்து நிற்கும். எங்களுள் ஒருவர் தலைமைச் செயலகத்துக்கு அருகே பணியாற்றினார்; மற்றவர் கோட்டைக்குள் ஒரு பள்ளியில் ஆசிரியை. இருவருக்குமே கால்களும் நகரப் பேருந்தும் போதுமானவையாக இருந்தன. ஒரு மார்ச் மாதக் கடைசியில் வீட்டு வரவு செலவைக் கூட்டிப் பார்த்தபோது, அந்த ஆண்டில் நாங்கள் காரில் போன ஒவ்வொரு பயணத்துக்கும் வாடகைக் கார் அழைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட, சொந்தக் காரின் செலவு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. கணக்கை மூன்று முறை சரிபார்த்தோம். அடுத்த மாதம் காரை விற்றுவிட்டோம்.

அந்தக் கணக்கை இன்றைய நிலைக்கு ஏற்ப மீண்டும் போட்டுப் பார்க்கலாம். 8 லட்சம் ரூபாய் விலையுள்ள ஒரு கார். அதில் ஆறரை லட்சம் வங்கிக் கடன். வட்டி 9 விழுக்காடு. தவணை 7 ஆண்டு என்று எடுத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 10,458 ரூபாய். ஏழாண்டில் கட்டி முடிக்கும் தொகை 8 லட்சத்து 78 ஆயிரம். இதில் வட்டி மட்டும் 2 லட்சத்து 28 ஆயிரம். மாதம் 600 கிலோமீட்டர் ஓடினால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்ற கணக்கில் 40 லிட்டர் பெட்ரோல். லிட்டர் விலை 100 ரூபாயைத் தாண்டியிருக்கும் நிலையில் அதற்கு 4,200 ரூபாயேனும் வேண்டும். காப்பீடு, பராமரிப்பு, சக்கர உறை, நிறுத்துமிட வாடகை ஆகியவற்றை மாதத்துக்குப் பகிர்ந்தால் 2,500 ரூபாய்க்குக் குறையாது. ஆக மாதம் 17,000 ரூபாய்.

இத்தனைக்கும் வாங்கிய பொருள் நாள்தோறும் விலை குறைந்துகொண்டே வருகிறது. காப்பீட்டில் காரின் மதிப்பைக் கணக்கிடும் தேய்மான அட்டவணை இதனைத் தெளிவாகக் காட்டும். முதல் ஆறு மாதத்தில் 5 விழுக்காடு, ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20, மூன்றாண்டுக்குள் 30, நான்காண்டுக்குள் 40, ஐந்தாண்டுக்குள் 50 என்று மதிப்பு கழிக்கப்படுகிறது. கடன் தீர இன்னும் இரண்டாண்டு இருக்கும்போதே பொருளின் மதிப்பு பாதியாகிவிடுகிறது.

எங்கள் செலவு நோட்டில் சென்ற ஆண்டின் மாதச் சராசரி இது: பேருந்துக்கு 1,300 ரூபாய், ஆட்டோவுக்கு 2,600, வாடகைக் காருக்கு 1,100. மொத்தம் 5,000. மிச்சமாகும் 12,000-த்தில் 10,000 ரூபாயைத் தொடர் வைப்பில் போட்டுவருகிறோம். ஆண்டுக்கு ஆறரை விழுக்காடு வட்டி என்று கொண்டால், ஏழாண்டு முடிவில் அது பத்தரை லட்சம் ரூபாயைத் தாண்டி நிற்கும். ஒரு பக்கம் பழைய கார்; மறு பக்கம் பத்தரை லட்சம். இந்த ஒப்பீட்டைக் கடன் விண்ணப்பத்தில் கையொப்பமிடும் முன் ஒருமுறையேனும் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

நடந்து அறிந்த ஊர்

பணத்தைப் பற்றி மட்டும் பேசினால் பாதி உண்மைதான் சொன்னவர்களாவோம். விடியற்காலையில் பழவங்காடிக் கணபதி கோவிலில் சிதறுகாய் உடையும் ஓசை கேட்டு எழுந்து, பத்மதீர்த்தக் கரையைச் சுற்றிவிட்டு, திரும்பும் வழியில் சாலைக் கம்போளத்தில் காய்கறி வாங்கி வருவது எங்கள் வழக்கம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய அந்தச் சந்தைத் தெரு, நடக்கிறவர்களுக்காக அமைந்த தெரு. தமிழ் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்திவரும் அங்கே, வாசனைச் சரக்கின் நெடியும் பூக்கட்டுகிறவர்களின் பேச்சும் கால் மெதுவாகப் போனால்தான் கிடைக்கும். அத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்த ஆ. மாதவன், கடைக்கு வந்துபோகிற மனிதர்களையும் தெருவின் சுமைதூக்கிகளையும் பார்த்தே தமிழுக்குக் கதைகள் தந்தார். 2015-ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி விருதும் பெற்றார். காரின் கண்ணாடி ஏற்றிக்கொண்டு கடந்துபோகிறவருக்கு அந்த மனிதர்கள் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பொதுப் பேருந்தும் இந்நகருக்குப் புதியதன்று. 1938 பிப்ரவரி 20-ஆம் நாள், திருவிதாங்கூர் அரசின் போக்குவரத்துச் சேவையைச் சித்திரைத் திருநாள் மகாராஜா தொடங்கிவைத்தார். லண்டன் போக்குவரத்து அமைப்பில் அனுபவம் பெற்ற சால்ட்டர் என்பவரை அதற்குக் கண்காணிப்பாளராக அமர்த்தியிருந்தனர். அரசனே முதல் பயணியாக ஏறிய பேருந்து கவடியார் நோக்கிச் சென்றது. சாலையில் மாட்டு வண்டிகள் மிகுந்திருந்த காலத்திலேயே, மக்களை ஏற்றிச் செல்வது அரசின் கடமை என்ற எண்ணம் இங்கே வேரூன்றிவிட்டது. அந்தச் சேவையின் வழிவந்ததே 1965-இல் அமைந்த கேரள மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம்.

நடப்பவர்களுக்கு வழிவிடும் மரபும் இந்நகரில் உண்டு. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாப சுவாமி ஆராட்டு ஊர்வலம் கோட்டையின் மேற்கு வாசலிலிருந்து சங்குமுகம் கடற்கரைக்குச் செல்லும். 1932-இல் அமைந்த விமான நிலையம் அந்தப் பாதையின் குறுக்கே இருக்கிறது. ஆகவே ஆண்டுக்கு இருமுறை சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்படுகின்றன. ஓடுபாதையைக் கடந்து ஊர்வலம் நடந்து போகிறது. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து தேவாரக்கெட்டு சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியே இன்றும் நடைப் பயணமாகவே கோட்டைக்கு வந்து சேர்கின்றனர். 1956-இல் மாநில எல்லை பிறந்த பிறகும் அந்த நடை நிற்கவில்லை. ஆற்றுகால் பொங்கலன்று நகரின் தெருக்களெல்லாம் பெண்களின் அடுப்புகளுக்கு உரியவை, வண்டிகள் ஒதுங்கிக்கொள்ளும். தெய்வத்தின் பெயரால் சில நாள் இயலுவது, குடிமக்களின் பெயரால் மற்ற நாட்களில் ஏன் இயலவில்லை என்ற கேள்வி நடக்கும்போதெல்லாம் எங்களுக்கு எழுகிறது.

ஒரு மழை இரவு

கார் வேண்டாம் என்ற எங்கள் முடிவு ஆட்டம் கண்ட இரவு ஒன்று உண்டு. ஐப்பசி மழை நாள் முழுவதும் பெய்து, தம்பானூரிலும் பழவங்காடியிலும் தண்ணீர் முழங்காலளவு நின்றது. அப்போது எங்களுடன் இருந்த அம்மாவுக்கு வயது எண்பத்தொன்று. இரவு பதினொரு மணிக்கு மூச்சுத் திணறல் தொடங்கியது. தெரிந்த ஆட்டோ ஓட்டுநர்களை ஒவ்வொருவராக அழைத்தோம். "தண்ணிக்குள்ளே வண்டி இறங்காது, அம்மா. மன்னிச்சுக்கோங்க" என்றார் ஒருவர். மற்றவர் எடுக்கவில்லை. செயலியில் வாடகைக் கார் தேடினோம். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. 108-ஐ அழைக்க வேண்டும் என்பது அந்தப் பதற்றத்தில் எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

கடைசியில் எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். சற்று மேடான இடத்தில் தம் காரை முன்கூட்டியே கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். அம்மாவை நாற்காலியில் வைத்துத் தண்ணீரின் ஊடே தூக்கிச் சென்று அந்தக் காரில் ஏற்றினோம். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. அம்மா பிழைத்தார்; அதன்பின் நான்காண்டு எங்களோடு வாழ்ந்தார்.

எங்களிடம் கார் இருந்திருந்தாலும் எங்கள் சந்தில் அது அன்று தண்ணீரில் மூழ்கித்தான் கிடந்திருக்கும் என்று பின்னாளில் ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்துக்கொண்டோம். வாதம் சரியானதுதான். ஆனால் வட்டம் சுற்றிக்கொண்டிருந்த கைப்பேசித் திரையைப் பார்த்தபடி நின்ற அந்த இருபது நிமிடத்துக்கு அது விடையாகவில்லை. கார் இல்லாத எங்கள் வாழ்க்கை, கார் வைத்திருந்த ஒரு நல்ல அண்டைவீட்டாரின் மீது சாய்ந்து நின்றதை அன்று ஒப்புக்கொண்டோம். அடுத்த வாரமே 108 என்ற எண்ணையும், இரவில் வரக்கூடிய மூன்று ஓட்டுநர்களின் எண்களையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். மாத மிச்சத்தில் ஒரு பகுதியை அவசரப் பயணத்துக்கென்று தனியே ஒதுக்கினோம். காரை விற்றபோதே செய்திருக்க வேண்டிய ஏற்பாடு அது. அன்று மிச்சத்தை மட்டுமே கணக்கிட்டிருந்தோம்.

இடம் தந்த வாய்ப்பு

இரண்டாவது நிபந்தனை இதனினும் பெரியது. நாங்கள் இருப்பது பழவங்காடியில். கிழக்கேகோட்டைப் பேருந்து நிலையம் நாலெட்டு வைத்தால் வந்துவிடும்; ரயில் நிலையத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிட நடை. நகரின் எந்த மூலைக்கும் இங்கிருந்து பேருந்து உண்டு. எங்கள் மகள் குடும்பமோ கழக்கூட்டத்துக்கு அப்பால், பிரதான சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, வீடு கட்டியிருக்கிறது. மனை விலை அங்கே குறைவு என்பதே காரணம். அவர்களிடம் இரண்டு கார்கள். "உங்களைப் போல் நாங்கள் இருக்க முடியுமா?" என்று மகள் கேட்டாள். முடியாது என்பதுதான் உண்மை. காலையில் குழந்தை ஒரு திசை, கணவர் ஒரு திசை, அவள் ஒரு திசை. அவர்கள் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரையுள்ள பாதையில் நடைமேடையும் இல்லை, தெருவிளக்கும் குறைவு.

மனையில் மிச்சமானது இரண்டு கார்களின் தவணையில் மாதந்தோறும் கரைகிறது என்பதை அவளே பின்னர் கணக்கிட்டுச் சொன்னாள். வீட்டுக் கடன் எடுக்கும்போது, வீட்டின் விலையோடு அந்த வீடு கேட்கப்போகும் வண்டிகளின் விலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நகரின் உள்ளே சற்றுச் சிறிய வீடும், வெளியே பெரிய வீட்டோடு இரண்டு கார்களும், பல வேளைகளில் ஒரே மாதச் செலவில் வந்து முடிகின்றன.

ஆகவே கார் வைத்திருப்பவர்களைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. கார் இல்லாமல் வாழ்வது எங்களைப் போன்ற சிலருக்கு விருப்பம். சாலைக் கம்போளத்தின் சுமைதூக்கிக்கும், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கும், கடைச் சிப்பந்திக்கும் அது வேறு வழியில்லாத நிலை. நாங்கள் மழையில் ஆட்டோ பிடிக்கிறோம். அவர்கள் நனைந்துகொண்டே நடக்கிறார்கள். நகரம் யாருக்காகத் திட்டமிடப்பட வேண்டும் என்ற கேள்விக்கு விடை அவர்களிடமிருந்து தொடங்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலாவது, நடைமேடை. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 90 பேர். நடைமேடையைப் பயன்படுத்தும் உரிமை, அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் கூறியது. அந்த உரிமை கிழக்கேகோட்டையில் எப்படி இருக்கிறது? 2022-இல் அங்கே நடை மேம்பாலம் ஒன்று திறக்கப்பட்டது. மின்தூக்கியும் உண்டு; நல்லதே. ஆனால் வண்டி தரையில் ஓட, முதியவர் மேலேறி இறங்க வேண்டும் என்ற ஏற்பாட்டில் யாருக்கு முன்னுரிமை என்பது வெளிப்படை. வண்டிகளை நகர்த்துவதைவிட மக்களை நகர்த்துவதே நோக்கம் என்று 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொல்லிற்று. சென்னை மாநகராட்சி 2014-இல் நடப்போருக்கும் மிதிவண்டிக்குமான கொள்கையை ஏற்று, 2019-இல் பாண்டி பஜாரை அகன்ற நடைமேடைகளோடு திறந்தது. கடைக்காரர்கள் அஞ்சிய தெரு அது. இன்று மாலை நேரத்தில் அங்கே நிற்க இடமில்லை.

இரண்டாவது, பேருந்தின் நேரம். 2021 நவம்பரில் இந்நகரில் வட்டப் பாதைப் பேருந்துகள் தொடங்கின. பாதைக்கு ஒரு நிறம். தொடக்கக் கட்டணம் 10 ரூபாய். 2022 ஆகஸ்டில் மின் பேருந்துகளும் வந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்து ஏறலாம் என்ற எளிமையில் ஓர் அக்கறை இருந்தது. ஆயினும் இரவு எட்டரைக்குப் பின் நிறுத்தத்தில் நிற்பவருக்கு, அடுத்த வண்டி வருமா என்ற ஐயம் வந்துவிடுகிறது. எங்களுள் பெண்ணாக இருப்பவர் மாலை நிகழ்ச்சிகளுக்குப் போவதா வேண்டாமா என்பதைத் திரும்பும் பேருந்தை வைத்தே முடிவு செய்கிறார். கடைசிப் பேருந்தின் நேரம்தான் கார் இல்லாத ஒரு பெண்ணின் நாள் முடிகிற நேரம். களியக்காவிளையைத் தாண்டினால், தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. வருவாய் இழப்பு என்று அதனை எழுதலாம். வேலைக்குப் போகிற பெண்ணின் கையில் நின்ற பணம் என்றும் எழுதலாம். நாங்கள் இரண்டாவது பத்தியில் எழுதவே விரும்புகிறோம்.

மூன்றாவது, வரிசை முறை. சிங்கப்பூரில் கார் வாங்க விரும்புவோர் முதலில் உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990 முதல் உள்ள முறை இது. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சான்றிதழே ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டியது. அதுவும் பத்தாண்டுக்கு மட்டுமே செல்லும். அங்குள்ள நம் உறவினர்கள் இதனைத் தாங்கிக்கொள்வதற்குக் காரணம், வீட்டு வாசலிலிருந்து நடை தூரத்தில் பேருந்தும் ரயிலும் கிடைப்பதே. மாற்று வழியைத் தந்துவிட்டுக் காரைக் கட்டுப்படுத்தினால் மக்கள் ஏற்பர். நம் நகரில் ஒற்றைத் தண்டவாள ரயில், இலகு மெட்ரோ, மெட்ரோ என்று பெயர்கள் மாறிக்கொண்டே வர, அந்த இடைவெளியில் ஒவ்வொரு குடும்பமும் தனக்கான தீர்வைத் தவணையில் வாங்கிக்கொண்டது. அந்தத் தனித்தனித் தீர்வுகள் எல்லாம் சேர்ந்துதான் காலை ஒன்பது மணிக்கு மேம்பாலச் சந்திப்பில் நகராமல் நிற்கின்றன.

இவ்விதழைப் படிக்கும் வாடிக்கையாளர்களிடம் ஒரே ஒரு பழக்கத்தை வேண்டுகிறோம். ஒரு மாதம் மட்டும், காரில் போகும் ஒவ்வொரு பயணத்தையும் குறித்து வையுங்கள்: எங்கே, எத்தனை கிலோமீட்டர், வேறு எப்படிப் போயிருக்க முடியும். மாத இறுதியில் அந்தப் பட்டியலே உங்களுக்கு அறிவுரை சொல்லும். சிலருக்குக் கார் தேவை என்று சொல்லும்; அவர்கள் மனநிறைவோடு வைத்திருக்கலாம். சிலருக்கு இரண்டாவது கார் வேண்டாம் என்று சொல்லும். வெகு சிலருக்கு, எங்களுக்குச் சொன்னதைப் போல, எதுவும் வேண்டாம் என்று சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால், விற்பதற்கு முன் சுவரில் மூன்று எண்களை எழுதி ஒட்டிவிடுங்கள். எதிர்வீட்டுக்காரரோடு பேசிப் பழகியும் வையுங்கள்.